ஏழாவது கட்டம்

பொலிவியாவின் வடக்கு மூலை, பாண்டோ காடு.
மனூரிப்பி ஆற்றங்கரையிலிருந்து அரைநாள் நடை.
ஒரு ஹெக்டேர்; நான்கு மூலையிலும் சிவப்பு நாடா.
கைத்தடிமனுக்கு மேல் பருத்த எதற்கும்
ஒரு தகடு, ஓர் எண்.
என் படிவத்தில் ஏழு கட்டங்கள்.
ஆறு எளிது. ஏழாவது:
சந்தை விலை.

எவுலாலியா மருப்பா முன்னே நடந்தாள்
அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்தபடி.
"காற்றடித்தால் மேலே பார்க்காதே,
ஓடவும் ஓடாதே,
ஏதாவது ஒரு தண்டோடு ஒட்டிக்கொள்."
காஸ்தான்யாக் காய் இரண்டு கிலோ இருக்கும்.
ஐம்பது மீட்டர் இறங்கி வரும்போது
கீழே நிற்பது யாரென்று கேட்பதில்லை.

வெளியுலகம் இதைப் பிரேசில் கொட்டை என்கிறது
என்று அவளிடம் சொன்னேன்.
"அப்படியா, எங்களை என்னவென்கிறது?"

எண் பதினொன்று, அசாயிப் பனை. கூழுக்குப் பழம். விலை உண்டு.
எண் பன்னிரண்டு, ரப்பர்.
"கீறிவிட்டால் இப்போது எறும்புதான் மாட்டும்."
எண் பத்தொன்பது, கொப்பாய்பா.
துளையிட்டால் எண்ணெய். வெட்டுக்காயம் ஆறும்.
பாட்டில் கணக்கு. எழுதினேன்.
எண் இருபத்தாறு.
பட்டையை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள், மென்றாள், துப்பினாள்.
"தெரியாது என்று எழுது.
தெரிந்த மாதிரி எழுதிவிடாதே."
அதன் கவட்டில் ஓர் ஆர்க்கிட்
யாருக்கும் காட்டாத முகத்தோடு பூத்திருந்தது.
அதற்குத் தகடு இல்லை. கைத்தடிமன் இல்லை.

கட்டத்தைக் காலியாக விட்டால்
கருவி அடுத்த மரத்துக்குப் போக விடாது.
பூஜ்யம் போட்டேன்.
மாலைக்குள் நாற்பத்தேழு பூஜ்யங்கள்.

இரவு, கூடாரத்தில், அவளும் ஒரு நோட்டைப் பிரித்தாள்.
கொள்முதல்காரன் கையெழுத்து.
நவம்பரில் முன்பணமாக:
அரிசி மூட்டை, சர்க்கரை, பூட்ஸ் இரண்டு ஜோடி,
டார்ச் பேட்டரி, மலேரியா மாத்திரை, மறுபடியும் பேட்டரி.
மார்ச்சில் அவள் இறக்கியது
அறுபத்து நான்கு பெட்டி கொட்டை.
கழித்துக் கூட்டி, கடைசி வரியில்
அழகான வட்டமாக ஒரு பூஜ்யம்.
"இதைப் போட்டவனிடமும்
கட்டம் போட்ட தாள்தான் இருந்தது" என்றாள்.
கோபமில்லை குரலில். கொசுவலையை இழுத்துவிட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
ரிபெரால்டாவில் ஒரு பணக்காரர்
காட்டை வழித்துவிட்டு
வரிசை வரிசையாகக் காஸ்தான்யா நட்டாராம்.
மரம் வளர்ந்தது. பூத்தது.
காய்தான் பேருக்கு.
அந்தப் பூவுக்கு ஒரு மூடி,
மூடியைத் தூக்கப் பலமுள்ள ஒரு தேனீ.
அந்த ஆண் தேனீ
வாசனை திருடப் போகும் வீடு ஆர்க்கிட்.
ஆர்க்கிட் குடியிருப்பது
என் இருபத்தாறாம் பூஜ்யத்தில்.

இன்னும் ஒன்று இருக்கிறது, ஹோச்சி என்கிற கொறிப்பான்.
கோடாலிக்கே முரண்டும் காயைப் பல்லால் உடைத்து
பசிக்குத் தின்று, மிச்சத்தைப் புதைத்து வைக்கும்.
அது மறந்த இடமெல்லாம் மரம்.
அதற்கு யாரும் கூலி எழுதியதில்லை;
நல்லவேளை, முன்பணமும் கொடுத்ததில்லை.

காலையில் கருவியைத் திறந்து
இருபத்தாறின் ஏழாவது கட்டத்தில்
ஒன்பதுகளாக அடித்துப் பார்த்தேன்.
"வரம்பை மீறிய மதிப்பு" என்றது.
சிரித்துவிட்டேன். அது சரியாகத்தான் சொன்னது.

அழிப்பதற்குள் காற்று வந்துவிட்டது.
எவுலாலியா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.
அருகிலிருந்த தண்டில் இருவரும் முகம் புதைத்தோம்.
என் கன்னத்தில் அலுமினியத் தகடு சில்லிட்டது,
இரண்டு, ஆறு.

தொம்.
தூரத்தில் ஒன்று.
தொம், மிக அருகே,
கால் நடுங்க மண் அதிர்ந்தது.
பிறகு நெடுநேரம் இலைகள் மட்டும்.
தொம்.

"மூன்று" என்றாள், கண்ணைத் திறக்காமல்.
"ஒரு பேட்டரி."